தீர்மானம் போட்டாச்சு... பதில் எங்கே?

2024 நவம்பர் 23 அன்று மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கிராமசபைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க யாரும் வீடு வீடாக அலையவில்லை. உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ல் நடந்திருக்க வேண்டிய கூட்டம் அது. தீபாவளி விடுமுறையால் தள்ளிப்போயிருந்தது. மற்ற வருடங்களில் இப்படித் தள்ளிப்போனால் பல ஊர்களில் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். இந்த முறை கதை வேறு. இரண்டு வாரம் முன்புதான் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்ற பெயரில் 2,015 ஹெக்டேர் நிலம் ஏலத்தில் போயிருந்தது. எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க். அந்த வரைபடத்துக்குள் அரிட்டாபட்டி மலையும் இருந்தது. சமணர் படுகையும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் ராஜாளிப் பறவைகளும் உள்ள மலை. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசே அறிவித்த மலை.

அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி என்று ஊராட்சிகள் வரிசையாகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. கிராமசபை கூடிச் சரியாக இரண்டு மாதம்.

கிராமசபையின் வெற்றி என்று எல்லோரும் எழுதினோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்தத் தீர்மானங்களுக்குச் சுரங்க ஏலத்தின் மீது ஒரு துளி அதிகாரமும் கிடையாது. 2023-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமை மத்திய அரசிடம் போய்விட்டது. மாநில அரசே வேடிக்கை பார்க்க வேண்டிய இடத்தில் ஊராட்சியை யார் கேட்பார்கள்? ஏலத்தை நிறுத்தியது சாலையில் இறங்கிய கூட்டம். எல்லாக் கட்சிகளையும் ஒரே பக்கம் நிற்க வைத்த நெருக்கடி. ஓராண்டு தூரத்தில் நின்ற சட்டமன்றத் தேர்தல். தீர்மானம் அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி கொடுத்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குடைவரைக் கோயிலோ ராஜாளியோ இல்லாத ஊர், தொலைக்காட்சி கேமரா வராத ஊர், ஒரு கழிவுநீர்க் கால்வாய்க்காகவோ ஒரு கிரஷரை எதிர்த்தோ தீர்மானம் போட்டால் என்ன ஆகிறது? சாதாரணக் குடிமக்களுக்கு அதிகாரம் என்று நாம் 30 ஆண்டுகளாகப் பேசுவதன் உண்மையான அளவுகோல் அந்த ஊர்தான்.

சட்டம் கொடுத்ததும் கொடுக்காததும்

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தனித் தேர்தல் ஆணையம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு ஆகியவை கட்டாயம் ஆயின. தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு பிறகு பாதியாகவே உயர்ந்தது. இவற்றோடு கிராமசபையும் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். யாரும் நியமிக்க வேண்டாம், யாரும் நீக்கவும் முடியாது. சட்டமன்றத்தைக் கலைக்கலாம், கிராமசபையைக் கலைக்க முடியாது. காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு இல்லை.

அதிகாரம் என்று வரும்போதுதான் சட்டத்தின் கை நடுங்கியது. பதினோராவது அட்டவணையில் வேளாண்மை முதல் சிறுபாசனம், கல்வி, சுகாதாரம் வரை 29 துறைகள் உள்ளன. அவற்றை ஊராட்சிக்குக் கொடுக்க 'வேண்டும்' என்று எழுதவில்லை. மாநில சட்டமன்றம் கொடுக்க'லாம்' என்று எழுதினார்கள். கேரளம் 1996-ல் மக்கள் திட்டமிடல் இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் ஊராட்சியிடம் குடிநீரும் தெருவிளக்கும் குப்பையும் வந்தன. வீட்டு வாசலில் இருக்கும் பள்ளிக்கூடம் கல்வித் துறையுடையது, ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையுடையது. ஊருக்கு நடுவே கிடக்கும் கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறையின் சொத்து, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஊரே கூடித் தூர்வாரத் தீர்மானம் போட்டாலும் மண்வெட்டி எடுப்பதற்கு இன்னொருவர் கையெழுத்து வேண்டும்.

பணமும் அப்படித்தான். 15-வது நிதிக்குழு கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டு வந்தது. மீதியிலும் மின்கட்டணமும் பணியாளர் சம்பளமும் போக, ஊர் கூடி முடிவெடுக்க என்ன மிஞ்சும்? 'மக்கள் திட்டமிட வேண்டும்' என்கிறோம். சமைக்க அரிசியை அளந்து கொடுத்து, கறிக்கும் என்ன காய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சமையல் உன் இஷ்டம் என்று சொல்வதுபோல இருக்கிறது.

பற்றாளர் வந்துட்டாரா?

ஆண்டுக்கு ஆறு நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேனர் கட்டிய பந்தல் அல்லது ஊராட்சி அலுவலகத்து மரத்தடி. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றியத்திலிருந்து அனுப்பப்படும் அதிகாரிக்குப் பெயர் பற்றாளர். அவர் வந்தால்தான் கூட்டம் தொடங்கும். அவர் வருவதற்குள் வருகைப் பதிவேடு சுற்ற ஆரம்பித்துவிடும். "கையெழுத்துப் போட்டுட்டு உட்காருங்க" என்று ஊராட்சிச் செயலர் சொல்வார். பல பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவதில்லை.

குறைவெண் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்த எண்ணிக்கையைத் தேற்றுவது நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள்தான். "கூட்டத்துக்கு வரலேன்னா அட்டை வராது" என்று யாரோ ஒருவர் சொல்லி வைத்திருப்பார். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே எவருக்கும் அவசரம் இருப்பதில்லை.

பிறகு பொருள் வாசிப்பு. சென்னையிலிருந்து ஊரக வளர்ச்சித் துறை அனுப்பும் பட்டியல் அது. டெங்கு தடுப்பு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று எல்லா ஊருக்கும் ஒரே வரிசை. ஒவ்வொன்றும் 'விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' ஆகும். வரவு செலவு வாசிக்கப்படும். பொது நிதியில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று மொத்தத் தொகையாக. கூட்டத்தின் கடைசியில் ஒருவர் எழுந்து, "எங்க தெருவுக்கு ஆறு மாசமா தண்ணி வரலே. போன கூட்டத்துலயும் சொன்னேன்" என்பார். "எழுதிக்கிட்டாச்சும்மா. மேல அனுப்புறோம்."

அந்த 'மேல' என்ற இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் செய்துதான் ஆக வேண்டும். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தனி மனிதர் ஒருவர் பத்து ரூபாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போட்டால், 30 நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தவறினால் அதிகாரியின் சம்பளத்திலிருந்து நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கிராமசபையில் 200 பேர் கூடி, அதிகாரி முன்னிலையில், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பும் தீர்மானத்துக்கு இன்ன துறை இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஊராட்சிச் சட்டத்தில் கெடு கிடையாது. சொல்லாவிட்டால் தண்டனையும் கிடையாது. ஒரு தனி ஆளின் பத்து ரூபாய்க்கு இருக்கும் மரியாதை ஓர் ஊரின் கையெழுத்துக்கு இல்லை. மக்களுக்கு ஜனநாயகத்தில் ஆர்வமில்லை, அதனால் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது. பதில் வராத கடிதத்தை எவ்வளவு நாள்தான் எழுதிக்கொண்டிருப்பது? வராமல் இருப்பதே அவர்கள் அனுபவத்தில் கற்ற விவேகம்.

நாற்காலிக்கு விலை

மேலூர் வட்டத்தில் இன்னொரு ஊரும் உண்டு. மேலவளவு. 1996-ல் அதன் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து திரும்பப் பெற்றார்கள். பிறகு நடந்த வாக்குப்பதிவில் பெட்டிகளைத் தூக்கினார்கள். போலீஸ் காவலோடு மீண்டும் நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் அவரோடு சேர்த்து இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்தார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை ஆனார்கள்.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்காச்சியேந்தல். இந்த நான்கு ஒதுக்கீட்டு ஊராட்சிகளிலும் பத்தாண்டுகள் தலைவர் என்று ஒருவர் நிலைக்க விடப்படவில்லை. மனுத் தாக்கலே நடக்காது. நடந்தாலும் வென்றவர் கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். 2006 அக்டோபரில்தான், ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் போன்றோரின் விடாப்பிடியான முயற்சியில் முறையான தேர்தல் நடந்தது. வென்றவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா எடுத்தார் முதல்வர் கருணாநிதி. 2021 அக்டோபர் 2-ல் முதல்வர் ஸ்டாலின் கிராமசபையில் உட்காரத் தேர்ந்தெடுத்த ஊரும் பாப்பாபட்டிதான்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சாதிப் பாகுபாடில்லாமல் ஊராட்சித் தலைவர்களே கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரத்தின் 75-ஆவது ஆண்டில்!

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுணுக்கமும் உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வரும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒதுக்கீட்டு ஊராட்சிகள் பலவற்றில் ஆதிக்க சாதியின் உண்மையான தேர்தல் அந்த இரண்டாவது நாற்காலிக்குத்தான் நடக்கிறது. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்கு பல்புகூட வாங்க முடியாது. பெண் தலைவர்கள் உள்ள ஊரில் 'தலைவர்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் பெரும்பாலும் அவர் கணவர். இதற்கெல்லாம் மேலே சட்டத்தின் 205-வது பிரிவு இருக்கிறது. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியர், விளக்கம் கேட்டு, உறுப்பினர்களின் கருத்தை அறிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைப் பதவியிலிருந்து நீக்கலாம். ஒரு எம்.எல்.ஏ.வை அப்படி நீக்க எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிக்காவது அதிகாரம் உண்டா?

அரிட்டாபட்டியையும் மேலவளவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது சங்கடமான காரியம்தான். டங்ஸ்டன் போராட்டத்துக்கு அந்தப் பகுதியின் நாடு, அம்பலம் என்ற மரபுக் கட்டுமானம் பெரும் பலமாக இருந்தது. டெல்லிக்குப் போய் மத்திய அமைச்சரைச் சந்தித்த குழுவில் அம்பலக்காரர்கள் என்ற மரபுவழி ஊர்த் தலைவர்கள் இருந்தார்கள். சாதி கடந்து எல்லோரும் நடந்த போராட்டம் அது என்பதும் உண்மை. ஆனால் ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்தப் பழைய அமைப்பில் எல்லோருக்கும் நாற்காலி இருந்ததில்லை. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக வைக்க அம்பேத்கர் மறுத்ததற்குக் காரணம் அவர் அதை உள்ளிருந்து அறிந்தவர் என்பதுதான். வெளியே இருக்கும் கம்பெனியை எதிர்க்க ஊர் ஒன்றாக நிற்கும். உள்ளே இருக்கும் சேரித் தெருவுக்கு சிமென்ட் சாலை கேட்கும்போது அதே ஊர் ஒன்றாக நிற்குமா என்பது வேறு சோதனை.

உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று மேடைகளில் பேசுவதும் இந்தச் சோதனையைத் தவிர்க்கும் உத்தி. பராந்தகன் காலத்துக் குடவோலை முறை வியப்பான ஏற்பாடுதான். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் போட்டியிட முடியாது என்ற விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை கட்சிகள் தாங்கும் என்று தெரியவில்லை. ஆனால் அது பிரம்மதேயச் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த வீடும் வேதப் பயிற்சியும் இருந்தால்தான் பெயரை ஓலையில் எழுத முடியும். உழுதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே இல்லை. நமக்கு வழிகாட்டி அதுவல்ல. 1993-ல் வந்த அந்தக் குறைப்பட்ட திருத்தம்தான். அதில் குறைந்தபட்சம் எல்லோர் பெயரும் இருக்கிறது.

காலி நாற்காலிகள்

பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு. தமிழ்நாட்டின் கதையைப் பாருங்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பர் இறுதியில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். இடையில் மூன்று ஆண்டுக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த 27 மாவட்டங்களில் மதுரையும் ஒன்று. 2020 ஜனவரியில் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் வரவில்லை, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

நாள் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஜனவரி 5-ல் பதவி முடிந்தது. ஜனவரி 7-ல் அந்த மாபெரும் நடைப்பயணம். ஜனவரி 26 அன்று முதல்வர் அரிட்டாபட்டிக்கே வந்து மக்களின் பாராட்டை ஏற்றார். மக்கள் சக்தி வென்ற அந்த நாளில், அந்த ஊராட்சிக்கு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. விழா மேடையில் இதை யாரும் பேசியதாக நினைவில்லை.

அதே மாதத்தில்தான் நகரங்களை ஒட்டிய ஏராளமான ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் சேர்க்கும் அறிவிப்புகள் வந்தன. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று பெண்கள் ஆட்சியர் அலுவலகங்களில் மனுவோடு நின்றார்கள். ஓர் ஊரே இனி ஊராட்சியாக இருக்க வேண்டுமா என்ற முடிவில்கூட கிராமசபையின் சொல்லுக்கு எடை இல்லை என்றால், வேறு எதில் இருக்கப் போகிறது?

நியமகிரிக்கு இருந்தது, ஏகனாபுரத்துக்கு இல்லாதது

தீர்மானத்துக்குப் பல் முளைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலை. அங்கேயும் எதிரில் நின்றது வேதாந்தாதான், கனிமம் பாக்சைட். டோங்கிரியா கோந்த் பழங்குடிகளின் தெய்வம் அந்த மலை. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டப்படி முடிவைக் கிராமசபைகளே எடுக்கட்டும் என்றது. ராயகடா, காளஹந்தி மாவட்டங்களில் 12 ஊர்களை மாநில அரசே தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க 12 மட்டும் ஏன் என்ற சர்ச்சையும் எழுந்தது. மாவட்ட நீதிபதி நிலையிலான பார்வையாளர் முன்னிலையில் மழைக்காலத்தில் ஒவ்வோர் ஊராகக் கூட்டம் நடந்தது. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. அங்கே யாரும் நூறு கிலோமீட்டர் நடந்து நகரத்தை மறிக்க வேண்டியிருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்; பத்தாண்டுப் போராட்டம் அது. ஆனால் கடைசியில் முடிவை எழுதியது ஊரின் பேனா.

வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. வன உரிமைச் சட்டம் வன நிலத்துக்கும் வனத்தைச் சார்ந்து வாழ்வோருக்கும் பொருந்தும். பழங்குடிப் பகுதிகளில் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ன் பெசா சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. சமவெளியில் நெல் நடுகிறவரின் கிராமசபைக்கு இந்தக் கவசம் எதுவும் கிடையாது.

அதனால்தான் ஏகனாபுரம். பரந்தூர் விமான நிலையத்துக்காக எடுக்கப்படும் நிலங்களுக்குள் ஊரே போகிறது. 2022 ஆகஸ்ட் 15 தொடங்கி, கூட்டத்துக்குக் கூட்டம் அவர்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டு வருகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். நிலம் எடுக்கப் பயன்படுவது 1997-ன் தமிழ்நாடு தொழிற்பயன்பாட்டு நில எடுப்புச் சட்டம். 2013-ன் மத்தியச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து தப்பிக்க மாநிலத்துக்கு வசதியான வழி அது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் வாசகர்களுக்கு இருவேறு கருத்து இருக்கலாம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்பதற்கும் காரணங்கள் உண்டு. என் குறை வேறு. மேலூரில் கிராமசபைத் தீர்மானத்தை மத்திய அரசு மதிக்கவில்லை என்று குற்றம் சாட்டிய அதே மாநில அரசு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தன் திட்டத்துக்கு எதிரான கிராமசபைத் தீர்மானங்களுக்கு எழுத்துபூர்வமாக ஒரு வரி காரணம் சொல்லியிருக்கலாம். 'உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாது, இன்ன காரணத்தால்' என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றம் போகலாம், வாதாடலாம், தோற்கவும் செய்யலாம். மௌனத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது.

ஒரு பத்தி போதும்

ஆகவே பெரிய சீர்திருத்தப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. 29 துறைகளும் வரட்டும், நிதியும் வரட்டும். அவற்றுக்காகப் போராடுகிறவர்கள் போராடட்டும். அதற்கு முன்னால், காசு செலவில்லாமல் ஊராட்சிச் சட்டத்தில் ஒரு பத்தி சேர்க்கலாம். கிராமசபையின் தீர்மானம் எந்தத் துறையைப் பற்றியதோ அந்தத் துறையின் மாவட்ட அதிகாரி, அடுத்த கிராமசபைக்குள் ஏற்பையோ மறுப்பையோ காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பதில்தான் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வாசிக்கப்பட வேண்டும். தவறினால், தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ள அதே அபராதம்.

வாசிப்பதற்கு என்ன பலம் உண்டு என்பதை ராஜஸ்தான் பார்த்திருக்கிறது. 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அங்கே ஊர்ப் பொதுவில் கணக்குகளை உரக்க வாசித்தது. மொத்தத் தொகையை அல்ல. இன்ன வேலைக்கு இன்னார் கூலி வாங்கினார் என்று பெயர் பெயராக. கட்டாத கட்டடங்களும் செத்துப்போனவர்கள் வாங்கிய கூலியும் அந்த வாசிப்பில்தான் வெளியே வந்தன. அந்தக் கூட்டங்களிலிருந்து கிளம்பிய இயக்கம்தான் பத்தாண்டு கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நாட்டுக்கே வந்தது. நம் கிராமசபையிலும் 'குடிநீர்ப் பராமரிப்புச் செலவு' என்ற ஒற்றை வரிக்குப் பதில் எந்தத் தெரு, எந்த மோட்டார், எந்தக் கடை பில் என்று வாசித்தால் கூட்டம் தானாக வரும். ஆள் பிடிக்க வேண்டியிருக்காது.

இவ்வளவு எளிது என்றால் ஏன் செய்யவில்லை? கட்சிகளின் நடத்தையில் பதில் இருக்கிறது. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி அ.தி.மு.க. அரசு கிராமசபைகளை வரிசையாக ரத்து செய்தது. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. டிசம்பரில் ஊர் ஊராகத் தானே கிராமசபை நடத்தியது. அந்தப் பெயரைக் கட்சிகள் பயன்படுத்தக் கூடாது என்று அரசு எச்சரித்ததும், 'மக்கள் கிராமசபை' என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. ஆட்சிக்கு வந்த பிறகு ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டத்தை ஆறாக்கியது. நகரங்களில் பகுதி சபையும் கொண்டுவந்தது. நல்ல காரியங்கள்தான். கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் எந்த ஆட்சிக்கும் நஷ்டமில்லை. தீர்மானத்துக்குப் பதில் சொல்லும் கடமை வந்தால் நஷ்டம் யாருக்கு என்றால், ஊருக்கும் அரசுக்கும் நடுவில் நிற்கிற எல்லோருக்கும். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாயைக் கையில் வைத்திருக்கும் எம்.எல்.ஏ.வுக்கு, "தண்ணித் தொட்டி நான் வாங்கிக் கொடுத்தது" என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு போகும். சிபாரிசுக்கு வந்து நிற்கிற கூட்டம் குறையும். ஒன்றியச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறவர்கள் பதிவேட்டைத் திறந்து, எட்டாம் எண் தீர்மானம் என்ன ஆச்சு என்று பற்றாளரிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சட்டமன்றத்தில் அந்தத் திருத்தத்துக்குக் கை தூக்க வேண்டியவர்களும் இவர்களேதான்.